ஆடிப்பெருக்குக்குப் பிள்ளைகளைத் தயார்செய்வது எப்படி? முளைப்பாரி, சப்பரம், கலந்த சாதம்: முதல்முறை செய்பவர்களுக்கு

ஆடிப்பெருக்கன்று காலையில் பிள்ளைகளை அவசரமாக எழுப்பிக் குளிக்கவைத்து, புதுச்சட்டை போட்டுப் படித்துறைக்கு அழைத்துச் சென்று, "சாமி கும்பிடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், அரை மணி நேரத்தில் பண்டிகை முடிந்துவிடும். எங்கள் வீட்டிலும் சில வருடங்கள் அப்படித்தான் நடந்தது. பெரியவளுக்கு ஒன்பது வயதானபோது, "ஆற்றுக்கு ஏம்மா சோறு கொண்டுபோகிறோம்?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பாட்டி எங்களுக்குப் பத்து நாட்களுக்கு முன்பே ஆளுக்கொரு வேலை கொடுத்துவிடுவார். அந்தப் பத்து நாட்களைத்தான் நான் என் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் விட்டிருந்தேன். இப்போது கொடுக்கிறேன். அதன் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் ஊர் குடமுருட்டிக் கரை. உங்கள் ஊர் வெண்ணாற்றுக் கரையாகவோ அரசலாற்றுக் கரையாகவோ இருந்தாலும் முறை ஒன்றுதான்.

ஆடி 18 பெரும்பாலும் ஆகஸ்ட் 2 அல்லது 3-இல் வரும். நாட்காட்டியில் பார்த்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

புதுத் தண்ணீரைக் காட்டுங்கள்

இதற்குச் செலவே கிடையாது. மேட்டூர் அணை 1934 முதல் நம் வயல்களுக்குத் தண்ணீர் தருகிறது. வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அங்கே திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்துசேர ஏறத்தாழ மூன்று நாட்கள் ஆகும். கல்லணையில் அது காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரியும்; வெள்ளம் மிஞ்சினால் கொள்ளிடத்துக்குப் போகும். அணை திறந்த செய்தி வந்ததும் நாட்காட்டியில் அந்தத் தேதியைப் பிள்ளைகளையே வட்டமிடச் சொல்லுங்கள். நம் ஊருக்கு எந்த நாளில் தண்ணீர் வரும் என்று ஆளுக்கொரு தேதியை எழுதிவைக்கட்டும்.

தண்ணீர் வரும் நாளில் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். காய்ந்த மணலில் முதலில் ஒரு நுரைக்கோடுதான் தெரியும். சருகு, குச்சி, எறும்புக் கூட்டம் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு, பள்ளம் கண்ட இடத்தில் நின்று நிரம்பி, மறுபடி நகரும். போன வருடம் எங்கள் சின்னவன் அந்த நுரைக்கு இணையாகக் கரையோரம் நடந்துகொண்டே வந்து, வாய்க்கால் மதகில் நின்று, "நம் தெருவுக்கு வந்துவிட்டது" என்று கத்தினான். கையில் ஒரு பிடி பூவோ நெல்லோ கொடுத்துத் தூவச் சொல்லுங்கள்.

தண்ணீர் வராத ஆண்டுகளைப் பற்றியும் சொல்லுங்கள். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் ஜூன் 12-இல் அணையைத் திறக்க முடியவில்லை; 2020-இல்தான் அந்தத் தேதி திரும்பியது. வறண்ட ஆடியில் பம்பு செட் தொட்டியோரம் விளக்கேற்றிக் கும்பிட்ட வீடு எங்களுடையது. அதைக் கேட்ட பிறகு பெரியவள் தெருக்குழாயைத் திறந்துபோட்டுவிட்டு வருவதில்லை.

முளைப்பாரி: ஒன்பது நாட்களுக்கு முன்

ஆளுக்கு ஒரு கொட்டாங்குச்சி போதும். கண் உள்ள பாதியாக எடுத்து, அந்தக் கண்ணைக் குத்தித் திறந்துவிடுங்கள். மிஞ்சிய நீர் வடிய வேண்டும். சலித்த வயல் மண் இரண்டு பங்கு, தூளாக்கிய காய்ந்த சாணம் ஒரு பங்கு கலந்து முக்கால் அளவுக்கு நிரப்புங்கள்.

பச்சைப்பயறு, தட்டைப்பயறு, உளுந்து, மொச்சை, நெல் என்று வீட்டில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். நவதானியமாக வாங்கினாலும் சரி; உடைத்த பருப்பு முளைக்காது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் நீரை வடித்து, நெருக்கமாகத் தூவி, விரல் நகம் அளவுக்கு மண்ணால் மூடுங்கள். மேலே ஒரு கூடையைக் கவிழ்த்து இருட்டில் வையுங்கள். இருட்டில் வளர்ந்தால்தான் முளை நீண்டு, வெளிர்மஞ்சளாக, தங்கக் கம்பி போல நிற்கும். வெளிச்சத்தில் வைத்தால் குட்டையாகப் பச்சை பிடித்துவிடும். இரண்டு விதமாகவும் ஒன்று வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஒளிச்சேர்க்கைப் பாடம் கண்ணெதிரே நிற்கும்.

தண்ணீர் ஊற்றக் கூடாது, தெளிக்க வேண்டும். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை, கையை நனைத்து உதறினாலே போதும். முதல் வருடம் பெரியவள் ஆசை ஆசையாக ஒரு சொம்பு ஊற்றிவிட்டாள். மூன்றாம் நாள் கூடையைத் திறந்தபோது விதை அழுகி நாற்றம் வந்தது. அவள் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்கே பச்சைப்பயற்றை ஊறவைத்து மறுநாள் மறுபடி விதைத்தோம். பயறு ஐந்தே நாளில் எழும்பிவிடும் என்பதால் தப்பித்தோம். எதற்கும் ஒரு கொட்டாங்குச்சி கூடுதலாகப் போட்டுவையுங்கள்.

சப்பரம்: ஞாயிற்றுக்கிழமை வேலை

ஆடிப்பெருக்கன்று நம் பக்கத்துத் தெருக்களில் பிள்ளைகள் இழுத்துக்கொண்டு ஓடும் சிறுதேர்தான் சப்பரம்; சில ஊர்களில் சப்பரத்தட்டி என்பார்கள். கடைத்தெருவில் தச்சர் செய்த மரச்சப்பரம் கிடைக்கும். வாங்குவது தவறில்லை. ஆனால் முதல்முறை வீட்டிலேயே செய்யுங்கள் என்பது என் வேண்டுகோள். தான் செய்த சப்பரத்தைப் பிள்ளை இழுக்கும் விதமே வேறு.

தேவையானவை: ஓரடி நீளம், அரையடி அகலத்தில் ஒரு பலகை; தேய்ந்த ரப்பர் செருப்பு இரண்டு ஜோடி; பழைய சைக்கிள் போக்ஸ் கம்பி இரண்டு; எழுதித் தீர்ந்த பேனாவின் கூடு இரண்டு; மூங்கில் சிம்பு அல்லது விளக்குமாற்று ஈர்க்கு; வண்ணத்தாள், நூல், மைதா.

சக்கரத்திலிருந்து தொடங்குங்கள். செருப்பின் மேல் டம்ளரைக் கவிழ்த்துப் பேனாவால் வட்டம் போட்டு வெட்ட வேண்டும். கத்தி வேலை பெரியவர்களுடையது. வட்டம் போடுவது பிள்ளைகளுடையது. நடுப்புள்ளியைச் சரியாகக் குறிக்காவிட்டால் சப்பரம் நொண்டும். வட்டத்தைக் காகிதத்தில் வெட்டி, நான்காக மடித்துப் பிரித்தால் மடிப்புகள் சந்திக்கும் இடமே நடு. அதைச் செருப்பு வட்டத்தின் மேல் வைத்துக் குத்துங்கள்.

இரண்டு பேனாக் கூடுகளையும் பலகையின் அடியில், முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாகக் குறுக்கே வைத்து, இருபுறமும் ஆணி அடித்துக் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். போக்ஸ் கம்பியை அந்தக் கூட்டுக்குள் விட்டு, இரு முனையிலும் சக்கரத்தைக் குத்தி ஏற்றி, மிஞ்சிய கம்பியை மடக்கிவிடுங்கள். கம்பியும் சக்கரமும் சேர்ந்தே சுழலும். கூட்டுக்குள் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் சத்தமில்லாமல் ஓடும்.

அடுத்தது தட்டு. பலகையின் நான்கு மூலையிலும் ஆணி அடித்து, ஆணிக்கு ஒரு சிம்பாக நிமிர்த்திக் கட்டுங்கள். பாதி உயரத்தில் ஓர் அட்டையை இரண்டாம் தட்டாகப் பொருத்தி, நான்கு நுனிகளையும் வளைத்து உச்சியில் சேர்த்துக் கட்டினால் கோபுர வடிவம் வந்துவிடும். மொத்த உயரம் ஒன்றேகால் அடியைத் தாண்ட வேண்டாம். இரண்டு வருடங்களுக்கு முன் பக்கத்து வீட்டுச் சப்பரத்தைவிட உயரமாக வேண்டும் என்று சின்னவன் அடம்பிடித்து மூன்று தட்டு கட்டினோம். தெருத் திருப்பத்தில் அது கவிழ்ந்து காகிதமெல்லாம் கிழிந்துபோயிற்று. அதிலிருந்து அடிப்பலகையில் ஒரு தட்டைக் கல்லைக் கட்டிவைத்துவிடுகிறோம். அடியில் பாரம் இருந்தால் மேடு பள்ளத்திலும் சாயாது.

பசைக்கு, அரை டம்ளர் தண்ணீரில் இரண்டு கரண்டி மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறுங்கள். வெண்மை போய்ப் பளபளப்பாக வந்ததும் இறக்கிவிடலாம். பூச்சி அரிக்காமலிருக்க அந்தக் காலத்தில் மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் கை வைக்கும் பசையில் அது வேண்டவே வேண்டாம். வண்ணத்தாள் ஒட்டுவதிலும், ஓரத்தில் குஞ்சம் வெட்டுவதிலும், உள்ளே எந்தச் சாமி படம் என்று முடிவு செய்வதிலும் நீங்கள் தலையிடாதீர்கள். எங்கள் சப்பரத்தில் போன வருடம் பிள்ளையாருக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டியின் படம் இருந்தது.

உள்ளே அகல் ஏற்ற வேண்டாம். காகிதமும் காற்றும் சேர்ந்த இடம். பேட்டரியில் எரியும் சிறு பல்பு போதும்.

முதல் நாள் மாலை

கடைக்குப் பிள்ளைகளையும் அழைத்துச் சென்று காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, வெற்றிலை பாக்கு, பூ, பழம் வாங்குங்கள். காதோலை என்பது காதில் அணியும் பனையோலைச் சுருள். கருகமணி கறுப்பு மணி. இரண்டும் காவிரித் தாய்க்கு நாம் கொடுக்கும் சீர். அவள் மசக்கையாக இருக்கிறாள் என்பது நம்பிக்கை. அதனால்தான் வாய்க்கு ருசியாக விதவிதமாகச் சோறு. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபப் படித்துறைக்கு ரங்கநாதரே வந்து காவிரிக்குச் சீர் கொடுப்பார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெரியவள் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் இதுதான்.

சமையலில் அவர்கள் பங்கு

காப்பரிசியை முழுவதுமாகப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம், அடுப்பே தேவையில்லை. ஒரு டம்ளர் பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் சற்று உலர்த்தி, அரை டம்ளர் பொடித்த வெல்லம், பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காய், ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, கொஞ்சம் எள், ஏலக்காய்த் தூள் சேர்த்துப் பிசைய வேண்டும். வெல்லம் இளகி அரிசியில் ஏறும்வரை பத்து நிமிடம் விட்டுவையுங்கள்.

கலந்த சாதத்தில் புளியும் தேங்காயும் சர்க்கரைப் பொங்கலும் உங்கள் பொறுப்பு. எலுமிச்சைச் சாதத்தையும் தயிர்ச்சாதத்தையும் அவர்களிடம் கொடுங்கள். உதிராக வடித்த சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு ஆறவிடுங்கள். தாளிப்பை நீங்கள் கொட்டிக் கொடுங்கள். எலுமிச்சைச் சாற்றை அடுப்பில் சூடுகாட்டாமல், ஆறிய சோற்றில் கடைசியாகவே பிழிய வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும்.

படித்துறையில்

பூஜை எளிது. சுத்தமான படியில் மஞ்சளால் பிள்ளையார் பிடித்துவைத்து, விளக்கேற்றி, காப்பரிசியும் பழமும் படைத்துக் கும்பிட்டு, மஞ்சள் கயிற்றைப் பெண்கள் கழுத்திலும் ஆண்களும் பையன்களும் கையிலும் கட்டிக்கொள்ள வேண்டும். பிறகு காதோலை கருகமணியையும் பூவையும் ஆற்றில் விடலாம். பொட்டலத்தின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்து வீட்டுக்கு எடுத்துவந்துவிடுங்கள். இதை எங்கள் வீட்டில் சின்னவன் கண்காணிக்கிறான்.

ஆற்றைப் பற்றி மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன், நீங்களும் இருங்கள். பாசி பிடித்த படி வழுக்கும். மணல் அள்ளிய பள்ளம் மேலிருந்து பார்த்தால் தெரியாது. நேற்று முழங்கால் அளவு இருந்த இடத்தில் இன்று கழுத்தளவு ஓடலாம். 2024-இல் அணையை ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்தார்கள். இரண்டே நாளில் மேட்டூர் 120 அடியை எட்டி, உபரி நீர் கொள்ளிடத்தில் பெருக்கெடுத்தது. சில நாட்களில் ஆடிப்பெருக்கு. அந்த வருடம் நாங்கள் மேல்படியிலேயே அமர்ந்து, சொம்பில் மொண்டுவந்த தண்ணீரைப் பிள்ளைகளின் தலையில் தெளித்தோம். கண்ணுக்குத் தெரியும் கடைசிப் படிக்கு அப்பால் கால் வைக்கக் கூடாது, ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், குளிக்கத் தடை என்று பலகை இருந்தால் குளியல் இல்லை. இவற்றைப் புறப்படும் முன் வீட்டு வாசலிலேயே சொல்லிவிடுங்கள். தண்ணீரைக் கண்டபின் எந்தப் பிள்ளை காதிலும் ஏறாது.

முளைப்பாரியைக் கடைசியாக விடுங்கள். மேலிருந்து போடாமல், பெரியவர் கையைப் பிடித்துக்கொள்ள, பிள்ளையே குனிந்து தண்ணீர்ப் பரப்பில் கொட்டாங்குச்சியை மெதுவாக வைக்க வேண்டும். மண்ணின் பாரத்தில் கொஞ்சம் அமிழ்ந்து, ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு நீரோட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். சில கவிழ்ந்துவிடும், அதையும் சொல்லிவையுங்கள்.

மாலையில் சப்பரம் தெருவைச் சுற்றிவந்து படித்துறையில் நிற்கும். அங்கேயே இலையைப் போட்டுச் சாதம் பரிமாறுங்கள். வீடு திரும்பியதும் காகிதத்தை மட்டும் பிய்த்துவிட்டு, பலகையையும் சக்கரத்தையும் பரணில் ஏற்றிவைத்துவிடுங்கள். எங்கள் பலகையின் அடியில் பெரியவள் வருடத்துக்கு ஒரு கோடு ஆணியால் கீறுகிறாள். இந்த வருடம் கீறினால் நான்கு.