லைட்வெயிட் குத்துச்சண்டை வீரரின் போட்டிப் பட்டியலைப் படிப்பது எப்படி: ரொபெர்ட்டோ டுரானை முன்வைத்து

தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர் ஒருவரைப் பற்றித் தேடத் தொடங்கியதும் முதலில் கண்ணில் படுவது 103-16 என்பது போன்ற எண்கள்தான். இந்த எண்கள் பனாமா நாட்டின் ரொபெர்ட்டோ டுரானுக்கு உரியவை: 119 போட்டிகள், 103 வெற்றி, 16 தோல்வி, வெற்றிகளில் 70 நாக் அவுட். இவற்றை மட்டும் பார்ப்பவருக்கு, 16 முறை தோற்ற ஒருவர் லைட்வெயிட் பிரிவின் தலைசிறந்தவர்களுள் ஒருவராக ஏன் மதிக்கப்படுகிறார் என்பது விளங்காது. மொத்தக் கணக்கை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு போட்டிக்கும் எதிரே இருக்கும் தேதி, எடை, எதிராளி, ஊர், முடிவு, சுற்று ஆகியவற்றை வரிவரியாகப் படித்தால் விளங்கிவிடும்.

முதல் வேலை, பட்டியலை எடைப்பிரிவு வாரியாகக் கோடு போட்டுப் பிரிப்பது. லைட்வெயிட் பிரிவின் உச்சவரம்பு 135 பவுண்டு, அதாவது 61.23 கிலோ. 1951 ஜூன் 16 அன்று பிறந்து பனாமா நகரின் எல் சொரியோ என்ற ஏழைக் குடியிருப்பில் வளர்ந்த டுரான், 1968இல் 16 வயதில் தொழில்முறைக் களத்தில் இறங்கினார். 1972இல் லைட்வெயிட் உலகச் சாம்பியன் ஆனார். 1979இல் அந்தப் பட்டத்தைத் தாமாகவே துறந்து மேலே சென்றார். அந்த இடத்தில் ஒரு கோடு போடுங்கள். பிறகு அவர் 147, 154, 160 பவுண்டுப் பிரிவுகளிலும் உலகப் பட்டங்களை வென்றார். 16 தோல்விகளில் 15 இந்தக் கோட்டுக்குக் கீழேதான் வருகின்றன. அவற்றிலும் 7 தோல்விகள் 40 வயதைக் கடந்த பின் நேர்ந்தவை. கடைசித் தோல்வியின்போது, 2001 ஜூலையில், அவருக்கு வயது 50. 1980 ஜூனில் 147 பவுண்டுப் பிரிவின் அன்றைய சாம்பியன் சுகர் ரே லெனர்டைச் சந்திக்கப் போனபோது அவருடைய கணக்கு 71 வெற்றி, 1 தோல்வி. டுரானை லைட்வெயிட் வீரராக மதிப்பிட விரும்புவோர் இந்த இரண்டாவது கணக்கையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, போட்டி எப்படி முடிந்தது என்பதைக் குறிக்கும் சுருக்கெழுத்துகளைப் பழகிக்கொள்ள வேண்டும். கே.ஓ. என்றால் எதிராளி விழுந்து, பத்து எண்ணி முடிப்பதற்குள் எழவில்லை என்று பொருள். டி.கே.ஓ. என்றால் தொடர முடியாத நிலையைக் கண்டு ரெஃப்ரி போட்டியை நிறுத்தினார் என்று பொருள். ஆர்.டி.டி. என்பது இரு சுற்றுகளுக்கு இடைப்பட்ட ஓய்வில் வீரரோ அவருடைய பயிற்சியாளரோ ஒதுங்கிக்கொண்டதைக் காட்டும். எல்லாச் சுற்றுகளும் முடிந்துவிட்டால், களத்துக்கு வெளியே அமர்ந்து புள்ளி போடும் மூன்று நடுவர்கள் முடிவு சொல்வார்கள்: யு.டி. என்றால் மூவரும் ஒருவருக்கே வெற்றி அளித்தனர், எஸ்.டி. என்றால் இருவர் ஒரு பக்கம், ஒருவர் மறு பக்கம், எம்.டி. என்றால் இருவர் ஒருவரைத் தேர்ந்தெடுக்க, மூன்றாமவர் சமன் என்றார். இவை வெறும் தலைப்புகளே என்பதை மறக்கக் கூடாது.

1972 ஜூன் 26ஆம் தேதிக்கு நேரே உள்ள வரியைப் பாருங்கள். நியூயார்க், மேடிசன் ஸ்கொயர் கார்டன். எதிராளி ஸ்காட்லாந்தின் கென் புக்கானன். 13ஆம் சுற்றில் டி.கே.ஓ. வெற்றி. உண்மையில் அன்று நடந்தது அவ்வளவு எளிதானதன்று. முதல் சுற்றிலேயே புக்கானனை விழவைத்த டுரான், மூன்று நடுவர்களின் புள்ளித் தாள்களிலும் முன்னிலையில் இருந்தார். 13ஆம் சுற்று முடிந்து மணி அடித்த வேளையில் அவருடைய அடி ஒன்று இடுப்புக்குக் கீழே பட, புக்கானன் துடித்து விழுந்தார். அவரால் தொடர முடியாது என்று ரெஃப்ரி போட்டியை முடித்து வெற்றியை டுரானுக்கு அளித்தார். புக்கானனுக்கு மறுபோட்டி கிடைக்கவே இல்லை. அதனால் பட்டியலில் ஒரு வரி சந்தேகம் தந்தால், எதிராளியின் பட்டியலையும் திறந்து, இருவரும் மறுபடி மோதினார்களா என்று பார்த்துவிடுவது நல்ல பழக்கம்.

அதே வரியில் உள்ள 13 என்ற எண்ணுக்கும் கவனம் தர வேண்டும், ஏனெனில் இன்றைய உலகப் பட்டப் போட்டியில் 13ஆம் சுற்றே கிடையாது. அந்தக் காலத்தில் பட்டப் போட்டிகள் 15 சுற்றுகள் நடந்தன. 1982 நவம்பரில், இதே லைட்வெயிட் பிரிவில், ரே மான்சினியுடன் மோதிய தென்கொரிய வீரர் கிம் டுக்-கூ 14ஆம் சுற்றில் வீழ்ந்து, சில நாட்களில் உயிரிழந்தார். அதன் பின், உலகப் பட்டங்களை வழங்கும் அமைப்புகளுள் ஒன்றான உலகக் குத்துச்சண்டைப் பேரவை சுற்றுகளை 12ஆகக் குறைத்தது. மற்ற அமைப்புகளும் அடுத்த சில ஆண்டுகளில் அதே வழிக்கு வந்தன. பழைய பட்டியலைப் படிக்கும்போது 12க்கு மேற்பட்ட சுற்றெண் எங்கெல்லாம் வருகிறதோ, அங்கெல்லாம் ‘இன்றைய விதியில் இது எப்படி முடிந்திருக்கும்’ என்று ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம். புக்கானன் போட்டி 12 சுற்றுகளோடு நின்றிருந்தால் டுரான் புள்ளிகளில் வென்றிருப்பார். அரை நூற்றாண்டு நீடித்த சர்ச்சைக்கு இடமே இருந்திருக்காது.

இனி, பட்டம் பற்றிய குறிப்பு. புக்கானனை வென்ற ஐந்தே மாதங்களில், 1972 நவம்பர் 17 அன்று, போர்ட்டோ ரிகோவின் எஸ்தெபான் டி ஹெசூஸ் என்பவரிடம் டுரான் தோற்றார். முதல் சுற்றிலேயே கீழே விழுந்தார். பத்து சுற்றுகளின் முடிவில் நடுவர்கள் எதிராளிக்கே வெற்றி அளித்தனர். ஆனாலும் அடுத்த வரியிலும் டுரான் சாம்பியனாகவே தொடர்வதைக் காண்பீர்கள். காரணம், அது பட்டத்துக்கான போட்டி அல்ல. சாம்பியன்கள் வருமானத்துக்காகவும் பயிற்சிக்காகவும் இடையிடையே பட்டமில்லாப் போட்டிகளில் இறங்குவதும், அவற்றில் எடை வரம்பைத் தாண்டி நிற்பதும் அன்று சாதாரணம். ஆகவே ஒரு தோல்வியைக் கண்டவுடன், அது பத்து சுற்றா, பதினைந்தா, பட்டம் பந்தயத்தில் இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

டி ஹெசூஸ் பெயர் இதே பட்டியலில் மேலும் இருமுறை வருகிறது. லைட்வெயிட் டுரானை அறிய இந்த மூன்று வரிகளைவிடச் சிறந்த பாடம் இல்லை என்பது என் கருத்து. 1974 மார்ச்சில் பனாமா நகரில், பட்டத்தைப் பணயம் வைத்து, இருவரும் மோதினர். மறுபடியும் முதல் சுற்றில் டுரானே விழுந்தார். ஆயினும் எதிராளியின் விலாவையும் வயிற்றையும் விடாமல் தாக்கி, 11ஆம் சுற்றில் நாக் அவுட் செய்தார். 1978 ஜனவரியில் லாஸ் வேகாஸில் மூன்றாவது சந்திப்பு. அதற்குள் டி ஹெசூஸ், ஜப்பானின் கட்ஸ் இஷிமாட்சுவை வென்று உலகக் குத்துச்சண்டைப் பேரவையின் சாம்பியனாகி இருந்தார். டுரானிடம் இருந்தது மற்றோர் அமைப்பான உலகக் குத்துச்சண்டைச் சங்கத்தின் பட்டம். 12ஆம் சுற்றில் டுரான் வென்றதும் இரண்டு பட்டங்களும் ஒரே கையில் சேர்ந்தன. 1972இல் அள்ளிவீசிச் சண்டையிட்ட இளைஞர், 1978இல் அடியைத் தோளில் வழுக்கவிட்டு, காத்திருந்து, இடம் பார்த்துத் திருப்பி அடிக்கிறார். ரே ஆர்செல், ஃப்ரெடி பிரவுன் என்ற இரண்டு முதிய பயிற்சியாளர்களின் உழைப்பு இங்கே தெரிகிறது. பதிவுகள் கிடைத்தால் மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். பட்டத்தை அவர் 12 முறை காத்தார். அவற்றில் 1977இல் எட்வின் விருயெட் மட்டுமே நாக் அவுட் ஆகாமல் 15 சுற்றுகளும் நின்றார்.

புள்ளிகளில் முடிந்த போட்டி என்றால் நடுவர்களின் தாள்களைத் தேடிப் படியுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் வென்றவருக்கு 10, மற்றவருக்குப் பெரும்பாலும் 9, விழுந்தால் 8. 1980 ஜூன் 20 அன்று மான்ட்ரியலில் டுரான் லெனர்டை வென்ற போட்டி முதலில் எம்.டி. என்று அறிவிக்கப்பட்டது, ஏனெனில் நடுவர் ஒருவரின் கூட்டல் 147-147 என்று வந்திருந்தது. சரிபார்த்தபோது அது 148-147 என்று தெரிந்து, முடிவு யு.டி. ஆயிற்று. அந்த நடுவர் 15 சுற்றுகளில் 10ஐச் சமன் என்று எழுதியிருந்தார்! மற்ற இருவரின் தாள்கள் 145-144, 146-144. யு.டி. என்ற இரண்டு எழுத்துகளுக்குப் பின்னால் இவ்வளவு மெல்லிய இடைவெளி இருக்கக்கூடும்.

தேதிகளுக்கு இடைப்பட்ட மாதங்களை எண்ணுவது பலரும் தவிர்க்கும் வேலை, ஆனால் மிகவும் பயனுள்ளது. லெனர்டுடனான மறுபோட்டி 1980 நவம்பர் 25 அன்று, அதாவது ஐந்தே மாதங்களில், நியூ ஆர்லியன்ஸில் நடந்தது. வெற்றிக் களிப்பில் உண்டு குடித்து உடல் பருத்திருந்த டுரான், குறுகிய காலத்தில் பெருமளவு எடையைக் குறைக்க வேண்டியதாயிற்று. எட்டாவது சுற்றில் அவர் கையை உதறித் திரும்பி நடந்துவிட்டார். பட்டியலில் அது டி.கே.ஓ. தோல்வி. அதுவரையிலான தாள்களில் அவர் ஒன்றிரண்டு புள்ளிகள் மட்டுமே பின்தங்கியிருந்தார் என்பதையும், வயிற்றுப் பிடிப்பைக் காரணமாகச் சொன்னார் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த வரி முழுமையாகும். பட்டியலை அதோடு மூடிவிடாமல் கீழே வாருங்கள்: 1983இல், தம் 32ஆவது பிறந்த நாளில், டேவி மூரை வென்று 154 பவுண்டுப் பட்டத்தைப் பெற்றார், 1989இல், 37 வயதில், தம்மைவிட உருவில் பெரிய ஐரன் பார்க்லியை எஸ்.டி. முடிவில் வென்றார்.

இதே முறையை, பின்னாளில் லைட்வெயிட் சாம்பியனாக இருந்த அமெரிக்காவின் பெர்னெல் விட்டேக்கரின் பட்டியலில் செய்து பார்க்கலாம்; ஊர் என்ற பகுதியின் மதிப்பு அங்கே நன்றாகத் தெரியும். 1988 மார்ச்சில் பிரான்சில் ஹொசே லூயிஸ் ராமிரெஸிடம் எஸ்.டி. முடிவில் தோற்றது அவருடைய முதல் தோல்வி. பார்த்தவர்களில் மிகப் பலர் அதை ஏற்கவில்லை. 1989 ஆகஸ்டில் தம் சொந்த ஊரான நார்ஃபோக்கில் அதே ராமிரெஸை மூன்று நடுவர்களும் ஒப்புக்கொள்ளும்படி வென்றார். அவருடைய மொத்தக் கணக்கு 40-4-1. அந்தக் கடைசி 1 என்பது 1993இல் ஹூலியோ சீசர் சாவெஸுடன் கண்ட சமன். அப்போது சாவெஸ் 87 போட்டிகளில் ஒன்றிலும் தோற்காதவர். அங்கே இரு நடுவர்கள் 115-115 என்றும், மூன்றாமவர் விட்டேக்கருக்கு 115-113 என்றும் எழுதியிருந்தனர்.