செல்போன் புள்ளிகளைப் பயணமாக மாற்றுவது எப்படி?

செல்போன் புள்ளி என்பது ஒரு ஃபோன் எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருந்தது என்ற பதிவு. சென்னையில் தாம்பரத்திலிருந்து காலையில் எத்தனை பேர் ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் போகிறார்கள்? ரங்கநாதன் தெருவில் ஒருவர் எவ்வளவு நேரம் நிற்கிறார்? முதல் கேள்விக்கு, ஃபோன் எப்போது எந்த டவரோடு இணைந்தது என்ற டவர் பதிவே போதும். இரண்டாவதற்கு அது உதவாது, சம்மதித்தவர்களின் ஃபோனில் ஓர் ஆப் பதியும் ஜிபிஎஸ் வேண்டும். பேருந்தில் பொருத்திய ஜிபிஎஸ் வண்டி எங்கே என்று சொல்லும், உள்ளே எத்தனை பேர் என்று சொல்லாது. டிக்கெட் கணக்கில் மாதப் பாஸ்காரர்கள் விடுபடுவார்கள். ஆகவே கேள்வியை முதலில் ஒரே வரியில் எழுதிவைத்துக்கொண்டு, பிறகு தரவைத் தேடுங்கள்.

எவ்வளவு அடிக்கடி பதிவு செய்வது

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் பைக் 30 விநாடியில் சுமார் 330 மீட்டர் நகர்ந்துவிடும். மயிலாப்பூர் மாதிரி இடத்தில் அதற்குள் மூன்று நான்கு தெருமுனைகள் கடந்துபோகும். அதற்காக விநாடிக்கு ஒன்று எடுத்தால் பேட்டரி மதியத்துக்குள் தீரும், ஆப்பையும் தூக்கிவிடுவார்கள். நகரும்போது 15 விநாடிக்கு ஒன்று, நின்றுவிட்டால் 5 நிமிடத்துக்கு ஒன்று என்பது நடைமுறைக்கு ஒத்துவரும். ஃபோனின் அசைவு உணரியை வைத்து இரண்டுக்கும் இடையே மாறச் சொல்லலாம்.

அளவையும் முன்கூட்டியே கணக்குப் பாருங்கள். ஒரு லட்சம் ஃபோன், நிமிடத்துக்கு ஒரு புள்ளி என்றால் நாளொன்றுக்கு 14.4 கோடி வரிசை. சிஎஸ்வி கோப்பில் இதை வைத்து மாரடிக்க வேண்டாம். தேதிவாரியாகப் பிரித்த பார்கே கோப்புகளும் (தரவை நெடுவரிசைவாரியாகச் சுருக்கி வைக்கும் வடிவம்) அவற்றிலிருந்து விடை எடுக்கும் டக்டிபி என்ற மென்பொருளும் இருந்தால் ஒரு நல்ல கணினியே ஒரு நாள் தரவைச் சமாளிக்கும்.

சம்மதப் படிவம் தமிழில், ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நோக்கத்தைத் தெளிவாகச் சொல்லிச் சம்மதம் வாங்கச் சொல்கிறது. ஃபோன் எண்ணை மறைகுறியாக மாற்றிவிட்டால் ஆளே தெரியாது என்று நம்பிவிடாதீர்கள். 15 லட்சம் பேரின் டவர் பதிவுகளை வைத்து 2013இல் வெளியான ஆய்வில், இடமும் நேரமும் சேர்ந்த நான்கே புள்ளிகள் 95 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காட்டிவிட்டன. எனவே தனி ஆள் பாதை எதையும் வெளியே தராதீர்கள். தொகுத்த அட்டவணையிலும் பத்துப் பேருக்குக் குறைவான கட்டங்களைக் காலியாக விடுங்கள்.

சுத்தம் செய்தல்

நேரத்தில் ஆரம்பியுங்கள். சர்வர் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் எழுதும், நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். மாற்ற மறந்தால் காலை ஒன்பது மணி நெரிசல் விடியற்காலை மூன்றரைக்குப் போய் உட்காரும். அடுத்து அட்சரேகையும் தீர்க்கரேகையும். சென்னை ஏறத்தாழ 13.08, 80.27. இரண்டும் இடம் மாறினால் உங்கள் பயணிகள் எல்லோரும் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் நிற்பார்கள். இதில் ஒரு வசதி, பிழை வரைபடத்தைத் திறந்ததும் கண்ணில் பட்டுவிடும். தூரம் அளக்கப் பாகைகளை அப்படியே பயன்படுத்தாமல், மீட்டரில் அளக்கும் இபிஎஸ்ஜி 32644 என்ற வரைபட ஆயமுறைக்கு மாற்றுங்கள்.

துல்லியம் (ஃபோனே குறிக்கும் பிழை அளவு) 100 மீட்டருக்கு மேல் உள்ள புள்ளிகளைத் தூக்கிவிடச் சொல்லிப் பல வழிகாட்டிகள் சொல்லும். சௌகார்பேட்டையில் அப்படிச் செய்தால் பேட்டையே காணாமல் போகும். ஒடுங்கிய தெருவில் சிக்னல் சுவரில் பட்டுச் சிதறுவதால் துல்லியம் எப்போதும் மோசமாகத்தான் இருக்கும். நீக்காமல் குறியிட்டு வையுங்கள். இரு புள்ளிகளுக்கு இடையே வேகம் மணிக்கு 150 கி.மீ.யைத் தாண்டினால் மட்டும் நீக்கலாம்.

டவர் பதிவில் வேறு தொல்லை. ஆள் நகராமலே ஃபோன் இரண்டு டவர்களுக்கு இடையே தாவிக்கொண்டிருக்கும். அ-ஆ-அ என ஐந்து நிமிடத்துக்குள் திரும்பினால் ஒரே இடமாகச் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு டவரும் எட்டும் பரப்பை வரையும்போது கடற்கரையோடு வெட்டவும் வேண்டும். இல்லையென்றால் மெரினா டவரின் கட்டம் வங்காள விரிகுடாவுக்குள் நீண்டு அங்கே மக்கள் அடர்த்தி காட்டும்.

தங்கலைக் கண்டுபிடித்தல்

வேலை முழுக்க இங்கேதான் நிற்கிறது. வழக்கமான விதி: 200 மீட்டர் வட்டத்துக்குள் 20 நிமிடத்துக்கு மேல் இருந்தால் அது ஒரு தங்கல், இரண்டு தங்கல்களுக்கு நடுவே இருப்பது பயணம். விதி சரிதான், அதைப் பலர் எழுதும் விதத்தில் ஓட்டை இருக்கிறது.

ஒருவர் 8:52க்கு ரயில் ஏற சென்ட்ரல் மெட்ரோ நிலையத்துக்குள் இறங்குகிறார். சுரங்கத்தில் ஜிபிஎஸ் கிடையாது. அடுத்த புள்ளி 9:17க்கு, ரயில் மேலே வந்தபிறகு கோயம்பேட்டில். 200 மீட்டரைத் தாண்டிய முதல் புள்ளியின் நேரத்திலிருந்து ஆரம்பப் புள்ளியின் நேரத்தைக் கழிக்கும்படி நிரல் எழுதியிருந்தால் விடை 25 நிமிடம். உடனே "சென்ட்ரலில் 25 நிமிடம் தங்கினார்" என்று எழுதிவிடும். அந்த 25 நிமிடமும் அவர் ரயிலில் இருந்தார்! இப்படி ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தால் ஒவ்வொரு சுரங்க நிலைய வாசலும் வணிக வளாகம் போலத் தெரியும்.

தீர்வு இரண்டு. வட்டத்துக்குள் இருந்த கடைசிப் புள்ளியின் நேரத்தை மட்டுமே முடிவாக எடுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் இடைவெளி வந்தால் பாதையை அங்கே வெட்டி 'தெரியவில்லை' என்று குறியுங்கள். இடைவெளியின் இரு முனையும் மெட்ரோ நிலையத்திலிருந்து 300 மீட்டருக்குள் இருந்தால் மெட்ரோ பயணம் எனப் பெயரிடலாம். நின்ற இடத்தில் 5 நிமிடத்துக்கு ஒன்றுதான் பதிகிறோம் என்பதால் இந்தப் பத்து நிமிடத்தை இன்னும் குறைக்காதீர்கள்.

கத்திப்பாராவில் நெரிசலில் சிக்கிய பேருந்தும் தங்கல் போலத் தெரியலாம். அந்த இடத்தில் சாலைக்கு 30 மீட்டருக்குள் விழும் குறுகிய தங்கல்களை ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

இரவு 10 முதல் காலை 6 வரை அதிகம் இருக்கும் இடமே வீடு என்பது பொதுவான ஊகம். ஓஎம்ஆர் இரவுப் பணிக்காரருக்கும் கோயம்பேடு சந்தைக்காரருக்கும் இது அலுவலகத்தையும் கடையையும் வீடாக்கிவிடும். நாளின் மிக நீண்ட தங்கல் எங்கே என்று இரண்டு வாரத்துக்குப் பார்த்து, விடுமுறை நாளோடும் ஒத்துப்பார்ப்பது மேல்.

எடையும் சரிபார்ப்பும்

ஆப் வைத்திருப்பவர் ஊரின் மாதிரி அல்ல. வார்டுவாரியாக மக்கள்தொகையை ஃபோன் எண்ணிக்கையால் வகுத்து எடை, அதாவது ஒரு ஃபோன் எத்தனை பேருக்குச் சமம் என்ற எண், கொடுப்பார்கள். ஆனால் 2011இல்தான் மாநகராட்சி 155 வார்டிலிருந்து 200 வார்டானது, பரப்பு 174இலிருந்து 426 சதுர கி.மீ. ஆனது. பழைய கணக்கெடுப்பின் வார்டு எண்ணை இன்றைய வரைபடத்தோடு எண்ணை மட்டும் பார்த்து இணைத்தால் வேறு பகுதியின் மக்கள்தொகை வந்து ஒட்டும். எல்லைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பிரியுங்கள்.

ஒப்பிடும் வாரங்களில் பொங்கல், தீபாவளி, புயல் மழை நாட்களை விட்டுவிடுங்கள். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் 30இல் திறக்கப்பட்டதும் தென்மாவட்டப் பேருந்துகள் படிப்படியாக அங்கே போயின. அதற்கு முன்னும் பின்னுமான கோயம்பேடு எண்ணிக்கையை நேராக ஒப்பிட முடியாது.

கடைசிச் சோதனைக்கு அடையாறு கைகொடுக்கும். நகரின் வடபுறத்திலிருந்து தென்புறம் போக ஆற்றைத் தாண்டியே ஆகவேண்டும். சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலம், கோட்டூர்புரம் பாலம், திரு.வி.க. பாலம் மூன்றிலும் ஒரு செவ்வாய், ஒரு புதன் காலை 7 முதல் 11 வரை ஆள் நிறுத்தி, 15 நிமிடத்துக்கு ஒருமுறை பைக், கார், ஆட்டோ, பேருந்து எனப் பிரித்து எண்ணுங்கள். ரயிலில் தாண்டுவோரைத் தனியே வையுங்கள். மொத்த எண்ணிக்கை ஒத்துப்போகாது, அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். மூன்று பாலங்களுக்கு இடையேயான விகிதத்தைப் பாருங்கள். ஒரு பாலம் மட்டும் உங்கள் தரவில் மெலிந்து தெரிந்தால், முதலில் அந்தப் பக்கத்து வார்டுகளின் எடையைத் திறந்து பாருங்கள்.