தோட்டப் பட்டணத்தில் காமெலான் கச்சேரி

மலேசியத் தோட்டப் பட்டணத்தில் காமெலான், அதாவது பெரும்பாலும் வெண்கலக் கருவிகளைத் தட்டி வாசிக்கும் கூட்டிசை, வைக்கப் போகிறீர்களா? முதலில் கூரையைப் பாருங்கள். தமிழ்ப்பள்ளி மண்டபத்துக்குத் தகரக் கூரை என்றால் மழை வந்ததும் மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் காம்பாங்கின் மெல்லிய ஒலி அடங்கிப்போகும். மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பரில் மாலை இடிமழை அதிகம். ஜூன், ஜூலை பரவாயில்லை.

மலாய் காமெலானில் ஏழு வகைக் கருவிகள்: கெரோமோங் (வரிசையாக வைத்த சிறு கோங்குகள்), காம்பாங், சாரோன் (உலோகப் பட்டைகள்) சிறியது, பெரியது, கெனோங் (பானை வடிவப் பெரிய கோங்குகள்), தொங்கும் கோங், கெண்டாங் (மத்தளம்). கலைஞர்கள் தரையில் அமர்வார்கள். 20க்கு 15 அடி இடம் ஒதுக்கிப் பாய் விரியுங்கள். உயர மேடை வேண்டியதில்லை. கருவிகளைத் தாண்டிக் கால் வைப்பது பெரிய மரியாதைக் குறைவு. பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், செருப்பும் வெளியே இருக்கட்டும்.

கோங்குக்கு அருகில் மைக் வைக்காதீர்கள், ஒலி உடைந்துவிடும். காம்பாங்குக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று போதும்.

காமெலானுக்கும் ஐந்து சுரம்தானே, மோகனத்தோடு நாதஸ்வரத்தைச் சேர்க்கலாம் என்று சிலர் ஆசைப்படுவார்கள். வெண்கலக் கருவியை அன்று சுருதி மாற்ற முடியாது; இடைவெளிகளும் ஒத்துவராது. இரண்டையும் தனித்தனியே கேட்பதுதான் அழகு.

வாசிப்பவர்கள் ஆய்வாளர்கள் என்றால் பேச்சு நீளும். ஒவ்வொரு உருப்படிக்கும் முன் ஐந்து நிமிடம், அதுவும் வாசித்துக் காட்டியபடி. குறிப்புகளை இரண்டு வாரம் முன்பே வாங்கினால்தான் தமிழில் சொல்பவர் தடுமாறமாட்டார்.

முஸ்லிம் கலைஞர்கள் இருந்தால் இஷா தொழுகைக்குப் பிறகு, சனிக்கிழமை இரவு ஒன்பதுக்குத் தொடங்குங்கள். தொழ ஓர் அறையும் ஹலால் உணவும் ஏற்பாடு செய்யுங்கள்.