பிலடெல்பியா இரண்டு நாளில்: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில்

பிலடெல்பியாவில் முக்கியமானவை பெரும்பாலும் இரண்டு பகுதிகளில் அடங்கிவிடும். ஒன்று டெலவேர் ஆற்றுப் பக்கம் இருக்கும் பழைய நகரம். இன்னொன்று, சிட்டி ஹாலிலிருந்து வடமேற்கே போகும் பெஞ்சமின் பிராங்க்ளின் பார்க்வே என்ற அகலச் சாலை. இரண்டையும் ஒரே நாளில் கலந்தால் அலைச்சல்தான் மிஞ்சும். பார்க்வேயிலுள்ள கலை அருங்காட்சியகமும் பார்ன்ஸ் ஓவியக் கூடமும் செவ்வாய், புதனில் திறப்பதில்லை. அதனால் வியாழன் பழைய நகரம், வெள்ளி பார்க்வே என்று வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் உறுதி செய்ய வேண்டியது இண்டிபென்டன்ஸ் ஹால் நுழைவு. 1776இல் அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனமும் 1787இல் அரசியல் சாசனமும் ஏற்கப்பட்ட கட்டடம் இது. உள்ளே போக நேரம் குறித்த சீட்டு வேண்டும், ரிக்ரியேஷன்.கவ் தளத்தில் முன்பதிவுக் கட்டணம் ஒரு டாலர். ஜனவரி, பிப்ரவரியில் வழக்கமாகச் சீட்டு தேவைப்படாது. கோடை விடுமுறையில் அன்றன்றைக்குக் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பத்தரை மணிச் சீட்டு வசதி. பாதுகாப்புச் சோதனை இருப்பதால் அரை மணி முன்னதாகவே அங்கே இருக்க வேண்டும். பெரிய பை, பேனாக்கத்தி எல்லாம் விடுதியிலேயே இருக்கட்டும். கூட்ட அறையில் வாஷிங்டன் அமர்ந்த நாற்காலியின் உச்சியில் பாதிச் சூரியன் செதுக்கியிருக்கும். வழிகாட்டி பேசி முடிப்பதற்குள் அதைப் பார்த்துவிடுங்கள். ஒரு குழு வெளியேறியதும் அடுத்தது வந்துவிடும்.

அதற்கு முன், காலை ஒன்பதுக்கே எதிரிலிருக்கும் லிபர்ட்டி பெல் என்ற விடுதலை மணிக்குப் போய்விடுங்கள். இங்கே சீட்டும் இல்லை, கட்டணமும் இல்லை. ஆனால் சோதனை தனி. நேரம் ஏற ஏற வரிசை நீளும். ஆறாம் தெருவில் உள்ள பார்வையாளர் மையத்தில் கழிப்பறை இருக்கிறது, அங்கே போய்விட்டு வரிசையில் நிற்பது உத்தமம். மணியின் எடை 2,080 பவுண்டு, அதாவது சுமார் 943 கிலோ. எல்லோரும் படமெடுக்கும் அந்த அகலமான பிளவு உண்மையில் பழுது பார்த்த தடம். மெல்லிய கீறலின் விளிம்புகள் உரசாமல் இருக்க 1846இல் அதை அகலப்படுத்தினார்கள். மணியைக் கெடுத்தது அந்தப் பிளவின் மேல்முனையிலிருந்து எழுத்துகளை ஊடுருவிப் போகும் மயிரிழைக் கீறல். பக்கவாட்டில் நின்றால் தெரியும். வரிசை ரொம்ப நீளமென்றால், செஸ்ட்நட் தெருப் பக்கக் கண்ணாடி வழியாக வெளியிலிருந்தே மணியைப் பார்க்கலாம்.

பிற்பகலுக்கு அமெரிக்கப் புரட்சி அருங்காட்சியகம். போர்க்களத்தில் வாஷிங்டன் தங்கிய கூடாரம் இங்கே இருக்கிறது. துணி பழசு என்பதால் எந்நேரமும் திறந்து வைப்பதில்லை. சிறு படக்காட்சியின் முடிவில்தான் காட்டுவார்கள். நுழைந்ததும் அடுத்த காட்சி எப்போதென்று கேட்டுக்கொள்ளுங்கள். பிராங்க்ளினின் கல்லறைக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். ஐந்தாம் தெருவும் ஆர்ச் தெருவும் சந்திக்கும் மூலையில் கம்பிவேலி வழியாகவே தெரியும்.

வெள்ளியன்று பதினோரு மணிக்கு பார்ன்ஸில் தொடங்குங்கள். பிரெஞ்சு ஓவியர் ரெனுவாரின் ஓவியங்கள் மட்டும் 181. படங்களுக்குப் பக்கத்தில் விளக்க அட்டை கிடையாது. பூட்டு, கீல் போன்ற இரும்புச் சாமான்களோடு ஓவியங்களைக் கலந்து மாட்டியிருப்பார்கள், இவற்றைச் சேகரித்த பார்ன்ஸ் வைத்துவிட்டுப் போன வரிசை அப்படி. போனை முழுதாகச் சார்ஜ் செய்துகொண்டு போனால் அவர்களின் இணைய வழிகாட்டியில் விவரம் படிக்கலாம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறை. 1829இல் திறந்து 1971இல் மூடியது. நடுவிலிருந்து ஆரக்கால்போல் கிளைகள் விரியும் அமைப்பு. தனிமைச் சிறைக்கென்றே கட்டியது. குற்றக் கும்பல் தலைவன் அல் கபோன் இருந்த அறையில் கூட்டம் மொய்க்கும். அதைவிட, கூரையில் ஒற்றை வெளிச்சத் துளையோடு இருக்கும் சாதாரண அறைகளே இந்தச் சிறையைப் புரியவைக்கும். உள்ளே சூடேற்றும் வசதி இல்லை, குளிர்காலத்தில் கனமான கோட்டு அவசியம்.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் கலை அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமைகளில் ஐந்து மணிக்கு மேல் விருப்பப்பட்டதைக் கட்டணமாகக் கொடுக்கலாம். இரவு 8:45 வரை திறந்திருக்கும். இதற்காகத்தான் வெள்ளி என்றோம். முன்பக்கம் 72 படிகள் ஏறி வர வேண்டும், முட்டிவலி உள்ளவர்கள் மேற்கு வாசலுக்குப் போகட்டும்.

நேரே ஆசியப் பிரிவுக்குப் போய், இந்தியக் கோவில் மண்டபம் எங்கே என்று கேளுங்கள். மதுரை மதனகோபால சுவாமி கோவிலின் கருங்கல் தூண்கள், பதினாறாம் நூற்றாண்டு நாயக்கர் காலத்து வேலை. 1912இல் மதுரைக்குப் போன பிலடெல்பியாப் பெண்மணி அடலின் பெப்பர் கிப்சன், கோவில் வளாகத்தில் கழற்றிக் குவித்திருந்த கற்களை விலைக்கு வாங்கினார். அவர் இறந்தபின் 1919இல் குடும்பத்தார் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். குவியலாக வந்த கற்கள் என்பதால், இன்று நிற்கும் வரிசை அருங்காட்சியகம் அமைத்தது. மூலக் கோவிலின் அமைப்பு அப்படியே இதுதான் என்று எண்ணிவிட வேண்டாம். புதுமண்டபம் பார்த்த கண்ணுக்கு இந்தச் சிற்பங்கள் அந்நியமாக இருக்காது. இதற்கு முக்கால் மணி நேரமாவது கொடுங்கள். ஐரோப்பிய ஓவியங்கள் மீதி நேரத்துக்கு.

வெள்ளி வாய்க்காதவர்கள் முழுக் கட்டணச் சீட்டு எடுத்தாலும் நஷ்டமில்லை. அது தொடர்ந்து இரண்டு நாள் செல்லும், பார்க்வேயிலுள்ள ரோடின் அருங்காட்சியகத்துக்கும் சேர்த்து.