பம்ப் டிராக்குக்கு இடம் பார்க்கிறீர்களா? முதலில் மழையில் போய்ப் பாருங்கள்

30க்கு 40 அடி சைட்டுக்கே கோடியில் பேசுகிற பெங்களூரில் ஒரு இடம் சும்மா கிடக்கிறது என்றால், அது ஏன் சும்மா கிடக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை.

பம்ப் டிராக் தெரியாதவர்களுக்கு: வரிசையாகச் சின்னச் சின்ன மேடுகள், இரண்டு முனையிலும் உள்பக்கம் சாய்ந்த வளைவு. பெடலை மிதிக்காமல், மேட்டில் உடம்பைத் தளர்த்தி இறக்கத்தில் அழுத்தி, அந்த வேகத்திலேயே சைக்கிளைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவார்கள். எங்கள் ஏரியாப் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று போடலாம் என்று பிப்ரவரியில் இடம் தேடினோம். ராஜகாலுவேயை, அதாவது பெரிய மழைநீர்க் கால்வாயை, ஒட்டி ஒரு மூலை, தட்டையாக, காய்ந்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நாலு ஞாயிற்றுக்கிழமை வேலை பார்த்து, டிராக்டரில் செம்மண் கொண்டுவந்து கொட்டி, தட்டித் தட்டி மேடு கட்டினோம். மே மாதம் வந்த முதல் பெரிய மழையில் முழங்கால் அளவு தண்ணீர். வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் மேடெல்லாம் வெயிலில் வைத்த வெல்லம் மாதிரி இளகிக் கிடக்கிறது. எதிரே டீக்கடை வைத்திருக்கும் பெரியவர், "அது தண்ணி போற வழி தம்பி, முப்பது வருசமா பாக்குறேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார்.

அந்த வெடிப்பைப் பார்த்தே நாங்கள் புரிந்துகொண்டிருக்க வேண்டும். தண்ணீர் நின்று காய்ந்த களிமண்தான் அப்படி வெடிக்கும். இந்த ஊரே ஏரிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு இருப்பது தர்மாம்புதி ஏரியில், கண்டீரவா ஸ்டேடியம் இருப்பது சம்பங்கி ஏரியில். பெயரில் கெரே (கன்னடத்தில் ஏரி) என்று இருக்கிற இடத்தில் இரண்டு மடங்கு யோசியுங்கள். காம்பவுண்டு சுவரில் சேறு படிந்த கோடு இருக்கிறதா பாருங்கள். ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டி இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள், மறுநாள் காலையிலும் நின்றால் வேறு இடம் தேடுங்கள். சாதாரண மைதானத்தில் நாலு இடத்தில் தண்ணீர் தேங்கினால் பம்ப் டிராக்கில் நாற்பது இடத்தில் தேங்கும், ஏனென்றால் இரண்டு மேட்டுக்கு நடுவில் இருக்கும் ஒவ்வொரு பள்ளமும் ஒரு கிண்ணம். அதனால் சுற்றுப்புறத்தைவிடக் கொஞ்சம் உயர்ந்த, லேசாகச் சரிந்த இடம் வேண்டும். லேசாக மட்டும்தான்; சரிவு அதிகமானால் போகும்போது பறக்கிற பிள்ளை திரும்பி வரும்போது தள்ளிக்கொண்டு வரும்.

சரி, தண்ணீர் நிற்காத இடம் கிடைத்துவிட்டது. அது உண்மையில் காலிதானா? செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்குப் போனால் எந்த மைதானமும் காலிதான். ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள், மூன்று டென்னிஸ் பால் மேட்ச் ஒன்றுக்குள் ஒன்றாக நடக்கும். ஆடி மாதம் அங்கேதான் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், பந்தல் போடுவார்கள். கோயில்காரர்களிடமும் கிரிக்கெட் பையன்களிடமும் முன்னாலேயே உட்கார்ந்து பேசாமல் மண் கொட்டினால், அந்த டிராக் அன்றைக்கே பகையில்தான் தொடங்கும். பூங்கா, விளையாட்டு மைதானம் என்றால் அதற்கென்றே 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கர்நாடகத்தில் இருக்கிறது. யாரோ ஒரு அதிகாரி "ஆய்த்து, மாடி" (சரி, செய்யுங்கள்) என்று வாயால் சொன்னதை அனுமதி என்று நினைக்காதீர்கள், அவர் மாற்றலாகிப் போனதும் ஜேசிபி வரும். எழுத்தில் வாங்குங்கள்.

நல்ல எண்ணத்தில் செய்கிற தவறு ஒன்று இருக்கிறது: யாருக்கும் தொந்தரவில்லாமல் ஒதுக்குப்புறமாகப் போடுவது. ஆள் பார்வை படாத இடத்துக்கு இரவில் வேறு கூட்டம் வரும், காலையில் வளைவு முழுக்கப் பாட்டில் சில்லு கிடக்கும். அப்புறம் எந்த அம்மாவும் பெண் பிள்ளையை அனுப்பமாட்டார். ஒரு டீக்கடையின் பார்வையில், பெற்றோர் உட்கார ஒரு திண்ணையோடு இருக்கிற இடம் நூறு மடங்கு மேல். அதற்காக யார் வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழேயும் வேண்டாம். எட்டு வயசுப் பிள்ளை மெயின் ரோட்டைத் தாண்டித்தான் வரவேண்டும் என்றால், எவ்வளவு நல்ல இடமானாலும் விட்டுவிடுங்கள்.

பெரிய இடம்தான் வேண்டும் என்று காத்திருப்பதும் வீண். ஒரு அடி உயர மேட்டுக்கு அடுத்த மேடு சுமார் பத்து அடி தள்ளி வரும், அந்தக் கணக்கில் 40க்கு 60 அடியிலேயே சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு சுற்று அமைத்துவிடலாம். மேலே ஹை டென்ஷன் கம்பி போனால் வேண்டவே வேண்டாம். மர நிழல் நல்லதுதான், ஆனால் வேர்மேல் மண்ணைக் குவித்தால் மரம் பட்டுப்போகும்.

மண் டிராக் என்றால் தண்ணீரும் பக்கத்தில் வேண்டும், வெயிலில் மேடு பொரிந்து உதிரும்போது நனைத்துத் தட்டித்தான் திரும்ப வடிவத்துக்குக் கொண்டுவர முடியும். 2024 கோடையில் குடிநீரைத் தோட்டத்துக்கு விட்டாலே 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது நினைவிருக்கும். அதனால் குழாயை நம்பாதீர்கள், சுத்திகரித்த கழிவுநீர் லாரி உள்ளே வருமா என்று பாருங்கள். கேட்டின் அகலத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். எங்கள் இரண்டாவது இடம் எல்லா விதத்திலும் சரியாக இருந்தது, கேட் மட்டும் ஆறு அடி. டிராக்டர் வெளியிலேயே நின்றுவிட்டது, பதினோரு லோடு மண்ணையும் இரும்புச் சட்டியில் தலைமேல் வைத்துத்தான் உள்ளே கொண்டுபோனோம்.