எட்டு மாதம் 60 ஹேர்ட்ஸ்: வலோரன்ட் செட்டிங்ஸை அடியிலிருந்து சரிசெய்வோம்

என் மாமாவின் மகன் கொட்டாஞ்சேனையில் இருக்கிறான். உயர்தரப் பரீட்சை முடிந்ததும் சின்னப் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுத்துச் சேர்த்த காசில், வலோரன்ட் என்ற துப்பாக்கிச் சண்டைக் கேமை விளையாட, பம்பலப்பிட்டியில் 144 ஹேர்ட்ஸ் மொனிட்டர், அதாவது செக்கனுக்கு 144 படம் காட்டக்கூடியது, ஒன்று வாங்கினான். எட்டு மாதம் கழித்து நான் போனபோது, "அண்ணா, இன்னும் ஆகக் கீழே, அயர்ன் ராங்க்தான். எனக்குக் கை ஓடாது போல" என்று சலித்துக்கொண்டான். கையைப் பார்க்கமுதல் விண்டோஸைப் பார்ப்போம் என்று டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்தேன். மொனிட்டர் 144. விண்டோஸ் அனுப்பிக்கொண்டிருந்தது 60.

மாற்றிவிட்டேன். மவுஸை இரண்டு தரம் வட்டமாக ஆட்டிப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. கொஞ்சம் பொறுத்து, "எட்டு மாசம்" என்றான்.

அதற்காக அடுத்த கிழமையே அவன் மேலே உள்ள டயமண்ட் ராங்குக்கு ஏறிவிடவில்லை. செட்டிங்ஸ் யாருக்கும் குறி பார்க்கக் கற்றுத்தராது. ஆனால் வலோரன்டில் வண்டல் துப்பாக்கியின் ஒரு குண்டு தலையில் பட்டால், எவ்வளவு தூரத்தில் நின்றாலும் ஆள் காலி. எதிரியை ஒரு கணம் பிந்திக் கண்டால் நாம்தான் அந்த ஆள். நான் சொல்லப்போவது பெரும்பாலும் காசு செலவில்லாத வேலைகள். ஒன்று மட்டும்: எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றாதீர்கள். எது வேலை செய்தது என்று பிறகு தெரியாமல் போய்விடும்.

முதல் படி: எண்களைத் திரைக்குக் கொண்டுவருங்கள்

கேமுக்குள் செட்டிங்ஸ், வீடியோ, ஸ்டாட்ஸ் என்று போனால் ஒரு நீளமான பட்டியல் இருக்கும். அதில் எஃப்பிஎஸ், நெட்வேர்க் ஆர்டிடி, பாக்கெட் லாஸ் ஆகிய மூன்றையும் எழுத்தாகக் காட்டும்படி வையுங்கள். எஃப்பிஎஸ் என்பது கொம்பியூட்டர் ஒரு செக்கனில் வரையும் படங்கள். ஆர்டிடி என்பது உங்கள் தகவல் சேர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், நாம் வழக்கமாக பிங் என்று சொல்வது. பாக்கெட் லாஸ் என்பது வழியில் தொலைந்தவை. அது எப்போதும் பூச்சியமாக இருக்க வேண்டும்.

மூன்று டெத்மெட்ச் (அணி இல்லாமல் ஒவ்வொருவரும் தனித்தனியே சுடும் ஆட்டம்) விளையாடி, கொப்பியில் எழுதி வையுங்கள். சராசரியை விட மிகக் குறைந்த எண்ணைக் கவனியுங்கள். சும்மா நடக்கும்போது 200 காட்டி, சண்டை மூண்டு புகையும் வெடியுமாக இருக்கும்போது 70க்கு விழுந்தால், உங்கள் கொம்பியூட்டர் 70 தான்.

இரண்டாம் படி: மொனிட்டர்

விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே. அங்கே ரிஃப்ரெஷ் ரேட்டை ஆகக்கூடியதற்கு மாற்றுங்கள். 60 ஹேர்ட்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 16.7 மில்லிசெக்கன். 144இல் 6.9. 240இல் 4.2. கணக்கைப் பார்த்தாலே தெரியும்: 60இலிருந்து 144க்கு ஏறுவதுதான் பெரிய பாய்ச்சல். அதற்கு மேலே போகப்போகக் காசு கூடும், லாபம் குறையும்.

பட்டியலில் 144 இல்லையென்றால் கேபிளைப் பாருங்கள். சில மொனிட்டர்கள் டிஸ்ப்ளேபோர்ட்டில் கொடுத்தால்தான் முழு வேகத்தையும் காட்டும். கேபிள் மதர்போர்ட்டில் இல்லாமல் கிராபிக்ஸ் கார்டில்தான் செருகியிருக்கிறதா என்பதையும் பின்னால் குனிந்து பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் ஒருக்கால் மதர்போர்ட்டில் செருகி, "இந்தக் கார்ட் சரியில்லை" என்று கடைக்காரரோடு வாதாடியிருக்கிறேன்.

மூன்றாம் படி: கிராபிக்ஸ்

இது சுருக்கமான வேலை. டிஸ்ப்ளே மோட் ஃபுல்ஸ்கிரீன். மெட்டீரியல், டெக்ஸ்சர், டீடெயில், யூஐ எல்லாம் லோ. வின்யெட், ப்ளூம், டிஸ்டோர்ஷன், காஸ்ட் ஷடோஸ், வி-சிங்க் எல்லாவற்றையும் அணையுங்கள். மல்டித்ரெடட் ரெண்டரிங் என்ற தெரிவு இருந்தால் அதை மட்டும் போடுங்கள். என்விடியா கார்ட் வைத்திருப்பவர்கள் ரிஃப்ளெக்ஸ் லோ லேட்டன்சியையும் போடலாம். ஓரங்கள் பல்லுப்பல்லாகத் தெரிவது கண்ணை உறுத்தினால், ஆன்ட்டி ஏலியாசிங்கை எம்எஸ்ஏஏ 2க்கு உயர்த்துங்கள். தூரத்துத் தலை தெளிவாகத் தெரிய அது உதவும்.

ரெசல்யூஷனைக் குறைக்கச் சொல்லி நிறையப்பேர் சொல்வார்கள். வலோரன்ட் பெரும்பாலும் ப்ரொசசரில் பாரம் ஏற்றும் கேம். கிராபிக்ஸ் கார்ட் ஓரளவு நல்லதென்றால் ரெசல்யூஷனைக் குறைத்து ஒன்றும் கிடைக்காது, படம் மட்டும் மங்கும். பழைய லப்டொப் என்றால் குறைத்துப் பாருங்கள், எண் ஏறினால் வைத்துக்கொள்ளுங்கள்.

"எஃப்பிஎஸ் பூஸ்டர்" என்று இணையத்தில் கிடைக்கும் புரோகிராம்களைத் தொட வேண்டாம். இந்தக் கேமோடு வரும் வேன்கார்ட் என்ற, கள்ள ஆட்டத்தைப் பிடிக்கும் காவற்காரன் கொம்பியூட்டரின் அடித்தளம் வரை பார்ப்பவன். கண்டதையும் போட்டு அவனோடு கொழுவிக்கொள்ளக் கூடாது. விண்டோஸ் 11 என்றால் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கேம் திறக்காது.

நான்காம் படி: பெட்டியும் வெக்கையும்

டாஸ்க் மனேஜரைத் திறந்து, பெர்ஃபோமன்ஸ், மெமரி என்று பாருங்கள். கீழே எத்தனை ஸ்லொட் பயன்படுகிறது, வேகம் எவ்வளவு என்று இருக்கும். விலை குறைந்த பெட்டிகளில் 8 ஜிபி ராம் ஒன்றை மட்டும் செருகி விற்பது வழக்கம். அதே வகை இன்னொன்றைச் சேர்த்து இரட்டையாக ஓடவிட்டால், எஃப்பிஎஸ் கீழே விழுவது நன்றாகக் குறையும். 3200 என்று எழுதிய ராம் வாங்கி, அங்கே 2133 அல்லது 2400 என்று காட்டினால், பயோஸில் (விண்டோஸுக்கு முன்னால் திறக்கும் அடிப்படை அமைப்பு) ராமை முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பியைப் போட மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

அப்புறம் வெக்கை. கொழும்பில் அறைக்குள் 30 பாகைக்குக் கீழே இறங்குவதே பெரிய விஷயம். சூடு ஏறினால் ப்ரொசசர் தன்னைக் காப்பாற்றத் தானே வேகத்தைக் குறைக்கும். அரை மணித்தியாலம் நன்றாக ஓடிவிட்டு மூன்றாவது மெட்சில் இழுக்கத் தொடங்கினால் காரணம் அநேகமாக இதுதான். லப்டொப்பின் பின்பக்கத்தை இரண்டு விரற்கடை உயர்த்தி வையுங்கள், மெத்தையில் வைத்து விளையாடாதீர்கள். எஃப்பிஎஸ்ஸுக்கு ஒரு எல்லையும் போடுங்கள். 144 ஹேர்ட்ஸ் மொனிட்டருக்கு 300 எஃப்பிஎஸ் ஓடவிட்டுச் சூடாக்கி 90க்கு விழுவதை விட, 160இல் கட்டிவைத்து நிலையாக ஓடுவது எவ்வளவோ மேல்.

நான் இருப்பது வெள்ளவத்தையில், மரைன் டிரைவுக்கு மிகவும் கிட்ட. யன்னலைத் திறந்தால் கடற்காற்று, கடற்காற்றோடு உப்பு. ஒரு வருடத்தில் பெட்டியின் பின்பக்கத் திருகுகள் எல்லாம் துருப்பிடித்து, விசிறியின் இதழ்களில் பிசுபிசுப்பாகக் கறுப்புத் தூசி. ஊதினால் போகாது. கொம்பியூட்டரை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பெயின்ட் அடிக்கும் சின்னத் தூரிகையால் தட்டி எடுத்தேன். விசிறியைச் சுற்றவிடாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கடலோரத்தில் இருப்பவர்கள் இதை மூன்று மாதத்துக்கு ஒருக்கால் செய்யுங்கள்.

ஐந்தாம் படி: மவுஸ்

முதலில் விண்டோஸின் மவுஸ் செட்டிங்ஸில் என்ஹான்ஸ் பொயின்டர் பிரிசிஷன் என்பதை அணையுங்கள். அது போட்டிருந்தால் கையை வேகமாக அசைக்கும்போது பொயின்டர் கூடுதலாக ஓடும், மெதுவாக அசைக்கும்போது குறைவாக ஓடும். கேமுக்குள் ரோ இன்புட் பஃபர் என்பதைப் போட்டால் மவுஸிலிருந்து வருவது நேரடியாகக் கேமுக்குப் போகும்.

அடுத்தது சென்சிட்டிவிட்டி, மவுஸுக்குக் கேம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பது. புதியவர்கள் எல்லாரும் செய்யும் பிழை, அளவுக்கு மிஞ்சி வேகமாக வைப்பது. மவுஸின் டிபிஐயை (ஓர் அங்குல அசைவை மவுஸ் எத்தனை துண்டாக எண்ணுகிறது என்பது) சென்சிட்டிவிட்டியால் பெருக்கினால் வருவதுதான் உண்மையான வேகம். தொழில்முறையாக விளையாடுபவர்களில் பெரும்பாலானோருக்கு அது 200க்கும் 400க்கும் இடையில் நிற்கும். என் மச்சான் வைத்திருந்தது 1600 டிபிஐ, சென்சிட்டிவிட்டி 1. பெருக்கினால் 1600! தும்மினால் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவான்.

800 டிபிஐ, 0.4 என்று தொடங்குங்கள். பெருக்கினால் 320. இப்போது அடிமட்டம் ஒன்றை எடுத்து மவுஸ்பாட் மேல் வையுங்கள். பிரக்டிஸ் ரேஞ்சில் ஒரு மூலையைக் குறிபார்த்து, மவுஸை நேராக ஒரு பக்கம் இழுத்து, முழுச்சுற்றுச் சுற்றி அதே மூலைக்கு வாருங்கள். மவுஸ் 41 சென்டிமீற்றர் அளவு நகர்ந்திருக்க வேண்டும். மிகவும் கூடிக் குறைந்தால் விண்டோஸ் செட்டிங்கோ மவுஸின் டிபிஐயோ நீங்கள் நினைத்தது போல இல்லை.

இங்கேதான் எங்கள் ஆட்களுக்கு ஒரு சிக்கல். பிளாட்டில் மேசை சின்னது. அதில் பாதியைக் கீபோர்டும் மிச்சத்தைத் தேத்தண்ணீர்க் கோப்பையும் பிடித்துவிடும். 41 சென்டிமீற்றருக்கு எங்கே போவது? கீபோர்டைச் சரித்து வையுங்கள். எண்கள் இல்லாத சின்னக் கீபோர்ட் இருந்தால் இன்னும் நல்லது. அப்படியும் இடம் காணாதென்றால் 0.5க்கு ஏற்றுங்கள், முழுச்சுற்று 33 சென்டிமீற்றருக்குள் அடங்கும். ஒன்றைத் தெரிவுசெய்தால் இரண்டு கிழமைக்குத் தொடாதீர்கள். ஒரு மெட்ச் தோற்றவுடன் சென்சிட்டிவிட்டியில் கை வைப்பது எனக்கும் இருந்த வருத்தம்தான். கவுன்டர் ஸ்ட்ரைக் 2 என்ற கேமிலிருந்து வருபவர்கள் அங்குள்ள எண்ணை 3.18ஆல் வகுத்தால் இங்கே அதே வேகம் கிடைக்கும்.

ஆறாம் படி: இணையம்

ஒளி கண்ணாடி இழைக்குள் செக்கனுக்கு ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் 2,700 கிலோமீற்றர் அளவு. போய்வர 27 மில்லிசெக்கன் ஆகியே தீரும். மும்பை 1,550 கிலோமீற்றர், 15 மில்லிசெக்கன் போல. இதற்குக் கீழே யாராலும் இறக்க முடியாது. கடலடிக் கேபிள் நேர்கோட்டில் கிடப்பதுமில்லை, ஆகவே திரையில் காணும் எண் இதை விடக் கூடவே இருக்கும். "பிங் 5 ஆக்கித் தருகிறோம்" என்று யாராவது விற்க வந்தால் கதவைச் சாத்திவிடுங்கள்.

கிட்ட இருக்கிறது என்பதற்காக மும்பைதான் எப்போதும் வெல்லும் என்றும் இல்லை. தகவல் எந்த வழியால் போகிறது என்பது இணைப்புக் கொடுப்பவரின் ஏற்பாடு. கேமுக்குள் சேர்வர் பட்டியலில் ஒவ்வொன்றின் பிங்கும் தெரியும். மாலையிலும் இரவு பத்து மணிக்கும் பார்த்து எழுதி, நிலையாக நிற்பதைத் தெரிவுசெய்யுங்கள். 35க்கும் 90க்கும் இடையில் துள்ளும் சேர்வரை விட, 60இல் அசையாமல் நிற்பது நல்லது. நிலையான தாமதத்துக்குக் கை பழகிவிடும், துள்ளுவதற்குப் பழகாது.

துள்ளல் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே தொடங்குகிறது. கமாண்ட் ப்ரொம்ப்டைத் திறந்து உங்கள் ரவுட்டரின் முகவரிக்கு, அநேகமாக 192.168.1.1, பிங் அடித்துப் பாருங்கள். கேபிளில் என்றால் 1 மில்லிசெக்கனோ அதற்குக் குறைவாகவோ வரும். மச்சான் வீட்டில் வைஃபையில் வந்தது 3, 4, 61, 5. அந்த 61 சிங்கப்பூரில் இல்லை. ஹோலுக்கும் அறைக்கும் நடுவில் இருந்த இரண்டு கொங்கிரீட் சுவர்களில் இருந்தது.

15 மீற்றர் கேபிள் ஒன்று வாங்கி, சுவரின் அடியோடு கிளிப் அடித்துக் கொண்டுபோனோம். மாமிக்குச் சுவரில் ஆணி அடிப்பது பிடிக்கவில்லை, அதனால் கதவு நிலைக்கு மேலால் சுற்றிவர வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு 1, 1, 1, 1. கேபிள் இழுக்கவே முடியாதென்றால் வைஃபையை 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றி, ரவுட்டரை அறைக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள். கேமில் நெட்வேர்க் பஃபரிங் என்பதை மொடரேட்டில் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் தாமதம் கூடும், ஆனால் எதிரி தாவித்தாவித் தெரிவது குறையும். கேபிள்காரர்கள் அதை மினிமத்திலேயே விடலாம்.

இன்னொன்று, வீட்டில் யாராவது கலியாண வீடியோவை அப்லோட் செய்தால் பிங் எகிறும். ரவுட்டரில் கியூஓஎஸ் என்ற, இணையத்தைப் பங்கிடும் வசதி இருந்தால் உங்கள் கொம்பியூட்டருக்கு முன்னுரிமை கொடுக்கலாம். இல்லையென்றால் அக்காவோடு கதைத்து நேரம் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: காதும் கண்ணும்

ஓடியோவில் எச்ஆர்டிஎஃப் என்பதைப் போடுங்கள். காலடிச் சத்தம் முன்னாலா பின்னாலா என்று பிரித்துக் கேட்கும். அதைப் போட்டால் ஹெட்செட்டின் 7.1 வித்தையை அணைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் சத்தம் குழம்பும். எதிரியைச் சுற்றி வரும் கோட்டின் நிறத்தைச் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கோ ஊதாவுக்கோ மாற்றிப் பாருங்கள். எனக்கு மஞ்சள்தான் கண்ணில் சட்டென்று படுகிறது. திரை நடுவில் குறிபார்க்கும் அடையாளமான குறொஸ்ஹெயரைச் சின்னதாக, நடுவில் இடைவெளி குறைவாக வையுங்கள், நிறம் உங்கள் விருப்பம்.

கடைசிப் படி: கரண்ட்

2022 மார்ச்சில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தவர்கள் நாங்கள். இப்போது அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் மழையோடு மின்னல் வந்தால் ஒரு கணம் கண்ணை மூடித் திறக்கும். அந்த ஒரு கணம் போதும், கொம்பியூட்டர் அணைந்து, மெட்ச் நடுவில் கழன்றவர் என்று தண்டனையும் விழும். பெட்டிக்கு ஒரு யூபிஎஸ் வாங்கும்போது ரவுட்டரை மறந்துவிடாதீர்கள். கொம்பியூட்டர் உயிரோடு இருந்து ரவுட்டர் செத்தாலும் கதை அதேதான். ரவுட்டர்களில் பல 12 வோல்ட்டில் ஓடுபவை, அவற்றுக்கென்றே கையடக்க மினி யூபிஎஸ் கிடைக்கிறது. வாங்கமுதல் அடப்டரின் முதுகில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் அம்பியரையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். வாங்கிவந்து பூட்டியதும், பிரக்டிஸ் ரேஞ்சில் நின்றுகொண்டு சுவர் சுவிட்சை ஒருக்கால் அணைத்துப் பாருங்கள். ராங்க் மெட்சுக்குள் வைத்து அல்ல.