நீவிவிடுவது பிசியோதெரபி ஆகாது

முழங்கால் வலி என்றதும் நம் வீடுகளில் தேடுவது தைலப் போத்தலை. அதற்கும் அடங்காவிட்டால் நீவிவிடுபவரை. பிசியோதெரபி எனப்படும் இயன்முறைச் சிகிச்சையையும் அதே கணக்கில் சேர்த்து, படுத்துக்கொண்டால் போதும், வலியை எடுத்துவிடுவார்கள் என்று எண்ணிப் போகிறவர்கள் பலர். எந்தத் தசை தளர்ந்திருக்கிறது, எந்த மூட்டு இறுகியிருக்கிறது என்று சோதித்து, அதற்குரிய பயிற்சியைக் கற்றுக்கொடுப்பது சிகிச்சையாளரின் பங்கு; வீட்டில் நாள்தோறும் உழைக்க வேண்டியவர் நோயாளிதான்.

மூட்டுத் தேய்மானம், நாள்பட்ட இடுப்பு வலி, எலும்பு முறிவு, மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை, பக்கவாதம், பார்க்கின்சன் நோய், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு ஆகியவற்றுக்கு இது உதவும். இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்குத் தோள் இறுகுவது மற்றவர்களைவிட அதிகம் என்பதால், சட்டை மாட்டக் கை பின்னால் போகவில்லை என்றால் வயதின்மேல் பழி போட்டுக் காத்திருக்க வேண்டாம்.

கோலாலம்பூர் மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளுக்கு மருத்துவரின் பரிந்துரைக் கடிதத்துடன் செல்ல வேண்டும். தனியாரிடம் சென்றால், மலேசியாவில் மருத்துவத் துணைத் தொழில்களுக்கான 2016-ஆம் ஆண்டின் 774-ஆவது சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவரா என்று கேட்கத் தயங்காதீர்கள். வேலையிடத்து விபத்தாக இருந்தால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவிலும் விசாரியுங்கள்.

எக்ஸ்ரே படம், மருந்துப் பட்டியல் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, முழங்காலுக்கு மேல் சுருட்டக்கூடிய தளர்வான உடையில் செல்லுங்கள். வலிக்கிறது என்பதோடு நிறுத்தாமல், தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, படி இறங்கும்போதுதான் குத்துகிறது என்று சொன்னால், சோதனையை எங்கே தொடங்குவது என்பது சிகிச்சையாளருக்கு உடனே விளங்கும்.

முழங்கால் தேய்மானத்துக்குப் பெரும்பாலும் முதலில் தரும் பயிற்சி எளியது. கட்டிலில் காலை நீட்டி, சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தித் தொடையின் முன்தசையை இறுக்கி, 5 எண்ணியபின் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்காமல் இப்படி 10 முறை. பத்துமலை முருகன் கோயிலின் 272 படிகளுக்கும் ஒரு வழிமுறை உண்டு: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில், கை எப்போதும் கைப்பிடியில். (கைப்பிடியைத் தொடுவது வேண்டுதலுக்குக் குறை என்று நினைக்கும் அம்மாக்களை நான் அறிவேன், முருகன் கோபிக்க மாட்டார்.)

இடுப்பு வலியோடு சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, கால் திடீரென வலுவிழந்தாலோ பயிற்சியை விட்டு அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலும் அப்படியே. உள்ளே இரத்தம் உறைந்திருக்கக்கூடும் என்பதால், அதை யாரையும் நீவ விடாதீர்கள்.